மிஷின் சத்தம் எங்கே பிறக்கிறது?

இரவு எட்டு மணி. தாராவியில் 90 அடி சாலையை ஒட்டி ஒரு சந்து. ஒருவர் வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறார். பிளாஸ்டிக் உடைக்கும் பட்டறையில் அவருக்கு வேலை. கை கால் கழுவிக்கொண்டு டி.வி. முன்னால் உட்காருகிறார். சத்தத்தைக் கூட்டி வைக்கிறார்.

"அப்பா, இந்தக் கணக்கைக் கொஞ்சம் பாருங்கப்பா" என்கிறாள் மகள்.

அவர் திரும்பவில்லை. மறுபடியும் கூப்பிடுகிறாள். அப்போதும் திரும்பவில்லை.

"பிள்ளை எத்தனை தடவை கூப்பிடுது? காதில் விழலையா?" என்று மனைவி கேட்கிறார்.

"இவள் வாய்க்குள்ளேயே பேசுறா. நான் என்ன செய்ய?" என்கிறார் அவர்.

மகள் வாய்க்குள் பேசவில்லை. எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் பேசினாள். அவருக்கும் சத்தம் கேட்கிறது. ஆனால் சொல் பிடிபடவில்லை. சில நாட்களாக மகள் அவரிடம் கணக்கு கேட்பதையே குறைத்துக்கொண்டாள்.

இது பாடத்துக்காகச் சொன்ன வீடு. ஆனால் இப்படிப்பட்ட வீடு உங்கள் சந்தில் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

இவருக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். கரிசல் காடு. வாலிப வயதில் டிராக்டர் ஓட்டினார். பிறகு பருத்தி ஜின்னிங் மில்லில் சில வருடம். அப்புறம்தான் பம்பாய். டிராக்டர், ஜின்னிங் மிஷின், பிளாஸ்டிக் கிரைண்டர் என்று வேலை மாறியது, ஊர் மாறியது. காது மட்டும் மாறவில்லை. மூன்று மிஷினின் சத்தத்தையும் அதே காதுதான் வாங்கியது.

காதுக்குள் என்ன நடக்கிறது?

காதின் உள்ளே, வெகு ஆழத்தில், நத்தைக் கூடு போல ஓர் உறுப்பு இருக்கிறது. அதில் மிக நுண்ணிய முடி போன்ற செல்கள் உள்ளன. ஒரு காதில் ஏறத்தாழ 15,000. சத்தம் வந்தால் இவை நெல் நாற்றுப் போல அசையும். அந்த அசைவுதான் மூளைக்குச் செய்தியாகப் போகிறது.

காற்றில் நாற்று சாய்ந்தால் மறுபடி நிமிரும். பெரும் புயல் அடித்தால் ஒடிந்துவிடும். இதுவும் அப்படித்தான். ஒரு நாள் பலத்த சத்தத்தில் வேலை செய்தால் சாயங்காலம் காது அடைத்தது போல இருக்கும். "கொய்ங்" என்று ஒரு சத்தம் உள்ளே ஓடும். தூங்கி எழுந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். தினமும் இதே கதை என்றால், நாளாக ஆக அந்தச் செல்கள் செத்துப்போகும். வயலில் மறுநடவு உண்டு. மனிதனின் காதில் அது கிடையாது. செத்த செல் திரும்ப முளைக்காது. மருந்தும் இல்லை.

முதலில் போவது கீச்சென்ற மெல்லிய ஒலிகள். குழந்தைகளின் குரல், "ச", "த", "ப" போன்ற எழுத்துகளின் ஒலி. "சட்டி" என்று சொன்னால் "வட்டி"யா, "பட்டி"யா என்று குழப்பம் வரும். அதனால்தான் அவருக்கு மகள் வாய்க்குள் பேசுவதாகத் தோன்றியது. டெம்போவின் ஹாரன் இன்னும் நன்றாகக் கேட்கிறது. ஆகவே தன் காது நன்றாக இருப்பதாகவே நினைக்கிறார்.

இது இன்று நேற்று வந்த நோய் அல்ல. பெர்னார்டினோ ராமஸ்ஸினி என்ற இத்தாலி நாட்டு மருத்துவர் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதை எழுதி வைத்தார். வெனிஸ் நகரில் செம்புப் பாத்திரம் அடிப்பவர்கள் ஒரே பகுதியில் குடியிருந்து நாள் முழுக்கச் சுத்தியல் அடித்தார்கள். அவர்கள் காது மந்தமாகி, வயதான காலத்தில் முழுச் செவிடாகிப் போனதை அவர் பார்த்தார்.

சத்தத்துக்கும் அளவு உண்டு

துணியை மீட்டரில் அளக்கிறோம். அரிசியைக் கிலோவில் அளக்கிறோம். சத்தத்தை டெசிபல் என்ற அளவால் அளக்கிறார்கள். காதோடு காதாகப் பேசும் ரகசியம் 30 டெசிபல். சாதாரணப் பேச்சு 60. மூடிய அறை இல்லாத டிராக்டரில், ஓட்டுகிறவர் காதருகே 90 அல்லது அதற்கும் மேல். பிளாஸ்டிக் கிரைண்டரின் பக்கத்தில் 100 வரை போவது உண்டு.

60க்கும் 90க்கும் வித்தியாசம் வெறும் 30தானே என்று நினைக்க வேண்டாம். டெசிபலில் 10 கூடினால் சத்தத்தின் சக்தி 10 மடங்கு. 20 கூடினால் 100 மடங்கு. 30 கூடினால் 1000 மடங்கு. பேச்சைவிட டிராக்டரின் சத்தம் ஆயிரம் மடங்கு சக்தி கொண்டது.

எவ்வளவு நேரம் தாங்கும்? 1998இல் அமெரிக்க அரசின் தொழில் சுகாதார ஆய்வு நிறுவனம் ஒரு கணக்குச் சொன்னது. 85 டெசிபல் என்றால் நாளுக்கு 8 மணி நேரம். அதற்கு மேல் 3 டெசிபல் கூடும் ஒவ்வொரு தடவையும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். 88 என்றால் 4 மணி. 91 என்றால் 2 மணி. 100 என்றால் கால் மணி நேரம்தான். நம் நாட்டில் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் 90 டெசிபலில் 8 மணி நேரம் வரை அனுமதித்தன. காதைக் கேட்டால் அது முதல் கணக்கைத்தான் ஒப்புக்கொள்ளும்.

அளக்கும் கருவி இல்லையா? கை நீட்டும் தூரத்தில் ஒருவரை நிறுத்துங்கள். சாதாரணமாகப் பேசுங்கள். கத்தினால்தான் அவருக்குப் புரியும் என்றால், அங்கே சத்தம் 85ஐ எட்டிவிட்டது அல்லது தாண்டிவிட்டது. கைபேசியிலும் சத்தம் அளக்கும் செயலிகள் உள்ளன. துல்லியமாக இராது. ஆனாலும் எது அதிகம், எது குறைவு என்று காட்டும்.

மாட்டுங்காவில் ஒரு பருத்தி நிறுவனம்

மாட்டுங்காவில் அடென்வாலா சாலை என்று ஒரு சாலை உண்டு. அங்கே மத்திய பருத்தித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1924இல் தொடங்கியது. இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்தது. தோசைக்கும் பூவுக்கும் மாட்டுங்கா போகிற நம் ஆட்களில் பலர் இதைத் தாண்டியே போயிருப்பார்கள். கோவில்பட்டிக் காட்டில் எடுக்கிற பருத்தியைப் பற்றியும், அதை அரைக்கும் ஜின்னிங் மிஷினைப் பற்றியும் ஆராய்கிற இடம் இது.

ஜின்னிங் மிஷின் என்ன செய்கிறது? பருத்தியில் இருந்து கொட்டையைப் பிரிக்கிறது. இரண்டு உருளைகள் சுற்றும். அவை பஞ்சைப் பிடித்து இழுக்கும். கூடவே ஒரு கத்தி மேலும் கீழும் அடித்து கொட்டையைத் தட்டிவிடும். நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் அடி. இதோடு பல்சக்கரங்கள், பெல்ட், காற்றில் பஞ்சை இழுக்கும் விசிறி. ஒரு மில்லில் இப்படிப் பல மிஷின்கள் வரிசையாக நிற்கும். மகாராஷ்டிராவில் ஜல்காவ் பகுதி ஜின்னிங் மில்களில் சத்தத்தை அளந்து பார்த்து 2011இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. சத்தம் ஏறத்தாழ 90இல் இருந்து தொடங்கியது. சில இடங்களில் 100ஐயும் தாண்டியது. காதைச் சோதித்துக்கொண்ட தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் கேள்விக் குறைவு இருந்தது.

ஒரு மிஷின் எப்படிச் சத்தம் போடும் என்பதை ஓட்டும் முன்பே ஓரளவு கணக்குப் போட்டுச் சொல்ல முடியும். பொறியாளர்கள் செய்வது அதைத்தான். அந்தக் கணக்கு கடினம் இல்லை.

வயலில் ஓடும் பழைய ஆயில் எஞ்சினை நினைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 650 சுற்று. இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை உள்ளே டீசல் வெடிக்கும். ஆக நிமிடத்துக்கு 325 வெடி. நொடிக்கு ஐந்துக்கும் சற்று மேல். அதுதான் "டுக் டுக் டுக்" என்று தனித்தனியாகக் கேட்கிறது. மூன்று சிலிண்டர் டிராக்டர் 2000 சுற்றில் ஓடினால் நொடிக்கு 50 வெடி. தனித்தனியாக எண்ண முடியாது. ஒரே உறுமலாகக் கேட்கும்.

பல்சக்கரத்துக்கும் இதே கணக்கு. 40 பல் உள்ள சக்கரம் நொடிக்கு 10 சுற்றுச் சுற்றினால், பல்லும் பல்லும் 400 தடவை மோதும். அது "ங்ஙீ" என்ற இழுவைச் சத்தம். கிரைண்டரில் மூன்று கத்தி நொடிக்கு 10 சுற்றுச் சுற்றினால் 30 அடி. அது உறுமல்.

இதைத் தெரிந்து என்ன பயன்? சத்தம் கேட்டே எந்த உறுப்பு என்று பிடிக்கலாம். உறுமல் கூடினால் கத்தியைப் பார்க்க வேண்டும். மழுங்கி இருக்கும் அல்லது போல்ட் தளர்ந்திருக்கும். இழுவைச் சத்தம் கூடினால் பல்சக்கரம் எண்ணெய் இல்லாமல் காய்ந்திருக்கும். கரகரவென்று அரைத்தால் பேரிங். பழைய மெக்கானிக்குகள் ஒரு திருப்புளியின் நுனியை மிஷின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார்கள். படிக்காத மேதைகள் அவர்கள். ஆனால் சுற்றுகிற பாகத்தின் பக்கத்தில் யாரும் அப்படிக் குனிய வேண்டாம்.

ஒன்றும் ஒன்றும் இரண்டு இல்லை

இதுதான் இந்தப் பாடத்தில் முக்கியமான கணக்கு. சற்று மெதுவாகப் படியுங்கள்.

ஒரு மிஷின் 90 டெசிபல். அதே மாதிரி இன்னொன்றைப் பக்கத்தில் ஓட்டுகிறோம். மொத்தம் 180 ஆகுமா? ஆகாது. 93தான். நான்கு மிஷின் ஓடினால் 96. எட்டு ஓடினால் 99. பதினாறு ஓடினால் 102. மிஷின் இரட்டிப்பாகும் ஒவ்வொரு தடவையும் 3 டெசிபல் கூடும்.

இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். பதினாறு மிஷினில் எட்டை நிறுத்தினாலும் 3 டெசிபல்தான் குறையும். பாதி உற்பத்தி போய்விட்டது. காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது.

இன்னொரு கணக்கு. பட்டறையில் ஒரு கிரைண்டர் 100 டெசிபல். சுவரில் ஒரு விசிறி 90 டெசிபல். இரண்டும் சேர்ந்து 100ஐ விட அரை டெசிபல்கூட அதிகம் இல்லை. இப்போது சேட் விசிறியைக் கழற்றிவிட்டுப் புது விசிறி போடுகிறார். பணம் செலவு. சத்தம்? அதே 100. ஒன்றும் மாறாது. அதற்குப் பதிலாகக் கிரைண்டரை 90க்கு இறக்கினால் மொத்தம் 93. இருக்கிறவற்றில் எது பெரிய சத்தமோ, அதில்தான் முதல் ரூபாயைப் போட வேண்டும். அது இறங்கிய பிறகுதான் விசிறியின் முறை.

பல பட்டறைகளில் தலைகீழாக நடக்கிறது. சுலபமானதைச் சரிசெய்துவிட்டு, "செலவு செய்தும் பலன் இல்லை" என்று விட்டுவிடுகிறார்கள்.

ஒரு தட்டை எடுங்கள்

வீட்டில் ஓர் எவர்சில்வர் தட்டை எடுங்கள். விளிம்பைப் பிடிக்காமல் ஒரு விரலில் நிறுத்தி, கரண்டியால் தட்டுங்கள். "ணங்" என்று நீண்டு ஒலிக்கும். இப்போது தட்டின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு தட்டுங்கள். "டப்" என்று அடங்கிவிடும். அடி ஒன்றுதான். தட்டு அதிர முடியவில்லை, அவ்வளவுதான்.

கிரைண்டரின் வாயில் தகரத்தால் ஒரு கொப்பரை இருக்கிறது அல்லவா? உடைந்த பக்கெட்டும் நாற்காலியும் அதில்தான் விழுகின்றன. அந்தத் தகரமும் தட்டு மாதிரிதான். ஒவ்வொரு துண்டும் அதில் மோதும்போது ஒலிக்கும். உள்பக்கம் கனமான ரப்பர் ஷீட்டை நன்றாக ஒட்டி, போல்ட் போட்டு முடுக்கினால் மோதும் சத்தம் அடங்கும். ரப்பர் பிய்ந்து கத்தியில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மிஷின் தரையில் நேராக நின்றால் அதிர்வு தரைக்கும் மேல்மாடிக்கும் போகும். தாராவியில் கீழே பட்டறை, மேலே குடித்தனம். நான்கு காலுக்கும் அடியில் தடித்த ரப்பர் கட்டை வைத்தால் மேலே தூங்குகிற குழந்தைக்குப் பாதி நிம்மதி.

கத்தியைச் சாணை பிடிப்பது, போல்ட்டை முடுக்குவது, பேரிங்குக்குக் கிரீஸ் வைப்பது, பெல்ட்டையும் புல்லியையும் நேர்க்கோட்டில் நிறுத்துவது. இவை எல்லாம் மிஷினின் ஆயுளுக்குச் செய்கிற வேலைகள்தான். சத்தமும் கூடவே குறையும். சத்தம் என்பது வீணாகப் போகும் தேய்மானத்தின் குரல் என்று சேட்டிடம் சொல்லிப் பாருங்கள். காதைப் பற்றிச் சொன்னால் கேட்காதவரும் பேரிங் விலையைச் சொன்னால் கேட்பார். எந்த வேலை செய்தாலும் மெயின் சுவிட்சை நிறுத்தி, பியூஸ் கட்டையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டுதான் செய்ய வேண்டும்.

விசிறியின் விஷயம் வேறு. அதன் சத்தம் வேகத்தைப் பொறுத்தது. வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் ஏறத்தாழ 15 டெசிபல் குறையும். சின்ன விசிறியை வெறிகொண்டு சுற்றவிடுவதைவிட, பெரிய விசிறியை மெதுவாகச் சுற்றவிடுவது நல்லது.

எஞ்சினுக்குச் சைலன்சர். ஊரில் சிலர் டிராக்டரிலும் ஆயில் எஞ்சினிலும் சைலன்சரைக் கழற்றிவிடுவார்கள். இழுவை கூடும் என்று ஒரு நம்பிக்கை. சரியான சைலன்சர் இழுவையைப் பெரிதாகக் குறைப்பதில்லை. கூடுவது காது வலிதான்.

பெட்டியும் முட்டை அட்டையும்

சத்தம் பிறந்த பிறகு அதை அடைத்து வைக்கலாம். பெரிய ஆலைகளில் மிஷினுக்குத் தனி அறை, மனிதருக்குக் கண்ணாடி போட்ட தனி அறை. செம்பூரில் பெரிய உரத் தொழிற்சாலை இருக்கிறது. அந்த அளவு இடம் உள்ள ஆலையில் இப்படிச் செய்யலாம். தாராவியில் பத்துக்குப் பதினைந்து அடி அறையில் மிஷினும் மனிதரும் மூட்டையும் ஒன்றாகவே இருக்கிறார்கள். ஆகவே மிஷினைச் சுற்றிப் பெட்டி கட்டுவதுதான் வழி.

பெட்டிக்குக் கனம் முக்கியம். மெல்லிய தகரம் போதாது. தடித்த பிளைவுட் நல்லது. ஓட்டை விடக் கூடாது. பெட்டியின் மொத்தப் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு ஓட்டை இருந்தாலே போதும். மீதிச் சுவர் எவ்வளவு கனமாக இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் குறையாது. பத்தில் ஒரு பங்கு திறந்திருந்தால் 10 டெசிபலோடு சரி. தண்ணீர் ஓட்டைக் குடம் மாதிரிதான். துண்டுகளைப் போடும் வாய்க்குக் கனமான ரப்பர் திரை தொங்கவிடலாம். மோட்டார் சூடு வெளியேற வழி வேண்டும். அந்த வழியை நேராக வைக்காமல் வளைத்து வைத்தால் காற்று போகும், சத்தம் அதிகம் போகாது.

சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் சத்தம் நிற்கும் என்று சிலர் சொல்வார்கள். நிற்காது. அதற்குக் கனமே இல்லை. தீப்பற்றினால் மட்டும் நன்றாக எரியும். ஸ்பாஞ்சும் அப்படித்தான். பிளாஸ்டிக் குவிந்த இடத்தில் இந்த விளையாட்டு வேண்டாம். உள்ளே ஒட்டுவதற்கு எரியாத கண்ணாடிப் பஞ்சு உண்டு. துளை போட்ட தகரத்தால் அதை மூடி வைக்க வேண்டும்.

திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும். ஊரில் கதிரடிக்கும் மிஷினை விட்டு 5 அடியில் நிற்பவர் 10 அடிக்கு நகர்ந்தால் இந்த லாபம் கிடைக்கும். தகரக் கொட்டகைக்குள் இது பலிக்காது. சத்தம் சுவரில் மோதி மோதித் திரும்பும்.

கடைசியில்தான் காதடைப்பு

இவ்வளவும் செய்த பிறகும் கத்திப் பேச வேண்டி இருந்தால் காதடைப்பான் போட வேண்டும். பலர் காதில் சாதாரணப் பஞ்சை வைக்கிறார்கள். அது சத்தத்தை அதிகம் தடுக்காது. இதற்கென்று விற்கும் நுரை அடைப்பானை விரலால் உருட்டி ஒல்லியாக்கி, காது மடலை மேலே இழுத்துக்கொண்டு உள்ளே விட வேண்டும். உள்ளே அது விரிந்து அடைக்கும். கை சுத்தமாக இருக்க வேண்டும். எட்டு மணி நேரத்தில் ஒரு மணி நேரம் கழற்றி வைத்தாலும் பெரும்பகுதிப் பலன் போய்விடும்.

காதைச் சோதிக்க தாராவிக்காரர்கள் வெகுதூரம் போக வேண்டாம். சயான் ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. பாந்த்ராவில் 1983இல் தொடங்கிய அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் கேள்விக் குறைவுக்கென்றே உள்ளது. காதில் கருவி மாட்டி, மெல்லிய ஒலி கேட்கும்போது கையைத் தூக்கச் சொல்வார்கள். வலி இல்லை. முடிவை ஒரு தாளில் கோடாக வரைந்து தருவார்கள். அந்தத் தாளைத் தேதியோடு பத்திரமாக வையுங்கள்.

ஏன் தெரியுமா? சத்தத்தால் வரும் கேள்விக் குறைவு ஒரு தொழில் நோய். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் பட்டியலில் அது இடம்பெற்றிருந்தது. 2020இல் இயற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. ஆனால் சின்னப் பட்டறையில் வருகைப் பதிவேடு இல்லை, சம்பளச் சீட்டு இல்லை. வேலையில் சேர்ந்தபோது காது எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று காட்டக் கையில் காகிதம் இல்லாவிட்டால் கேட்பது கஷ்டம். சயானில் மத்திய அரசின் மத்தியத் தொழிலாளர் நிறுவனம் இருக்கிறது. வேலை இடத்துச் சத்தம், தூசி பற்றிய ஆய்வுகள் அங்கே நடக்கின்றன. சங்கமாகச் சேர்ந்து போய்க் கேட்பது நல்லது. தனி ஆளாகப் போனால் மறுநாள் வேலை இருக்குமா என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. அது நியாயமான பயம்தான்.

அந்த அப்பா என்ன ஆனார்? ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் அவரைத் தன் முன்னால் உட்காரவைத்தாள். முகத்தைப் பார்த்து, நிறுத்தி நிறுத்திக் கணக்கைப் படித்தாள். இந்தத் தடவை அவருக்குப் புரிந்தது. மறுநாள் சயான் ஆஸ்பத்திரியில் சீட்டு எடுத்தார்.

கணக்குப் போடுங்கள், பேசுங்கள்

ஒரு மிஷின் 88 டெசிபல். அதே மாதிரி நான்கு ஓடினால் எவ்வளவு? அந்த இடத்தில் காதடைப்பான் இல்லாமல் எத்தனை மணி நேரம் நிற்கலாம்?

உங்கள் பட்டறையில் பெரிய சத்தம் எந்த மிஷினில் இருந்து வருகிறது? அந்த மிஷினில் எந்தப் பாகத்தில் இருந்து?

காலையில் வேலைக்குப் போகும் முன் டி.வி.யில் எந்த எண்ணில் சத்தம் வைக்கிறீர்கள்? சாயங்காலம் வந்ததும் எந்த எண்ணில் வைக்கிறீர்கள்? ஒரு வாரம் இரண்டையும் நோட்டில் எழுதி, வகுப்புக்குக் கொண்டு வாருங்கள்.